உள்ளங்கால் மச்சம்

மெல்போர்ன்
ஞாயிறு மாலை

அன்புள்ள வாணி,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகியும் பதில் போடவில்லை. திட்டியிருப்பாய். காரணம் என் இடது கால். இப்போது அது இரண்டு தலையணைமேல் ராஜா மாதிரி ஏறி உட்கார்ந்திருக்கிறது.

ஹாஸ்டலில் எல்லோருக்கும் மச்ச பலன் சொல்வாயே, நினைவிருக்கிறதா? என் உள்ளங்காலைப் பார்த்து, "காலில் மச்சம், நீ கடல் தாண்டுவே" என்றாய். தாண்டியும் விட்டேன். ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. நீவிவிட்டுக்கொண்டிருந்த இவர், "இதென்ன, மை கொட்டிக்கிட்டியா?" என்று கேட்டார். குழியை ஒட்டி, சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கறுப்பு. ஒரு பக்கம் காப்பித்தூள் நிறம், மறுபக்கம் கரி. ஓரம் ஒழுங்காக இல்லை. நான், "அது வாணி சொன்ன மச்சம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டேன்.

முதலில் பார்த்த டாக்டரும் கர்ப்பத்தில் தோல் கறுப்பது சகஜம் என்றார். பொய்யில்லை, எனக்குக் கழுத்து கறுத்திருக்கிறது, வயிற்றில் கோடு விழுந்திருக்கிறது. இவர்தான் விடாமல் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். அந்தம்மா ஒரு விளக்கு வைத்த லென்ஸைப் பாதத்தில் அழுத்திப் பார்த்துவிட்டு, திரையில் எனக்கும் காட்டினார். உள்ளங்கால் தோல் பெரிதாகத் தெரிந்தால் அசல் நம் ஊர் வயல்தான், வரப்பும் வாய்க்காலுமாக. கறுப்பு வாய்க்காலில் ஓடினால் பெரும்பாலும் சாது மச்சம், வரப்பில் ஏறினால் சந்தேகம். என்னுடையது வரப்பில் ஏறியிருந்தது.

துணுக்கு எடுத்துப் பரிசோதித்ததில் மெலனோமா என்று வந்தது, ஒருவகைத் தோல் புற்றுநோய். ஆனால் மேல்தோலைத் தாண்டாத நிலை. 0 என்று எண் கொடுக்கிறார்கள். வெயிலால் இது வராமலிருக்க இந்த ஊரில் 1981-லிருந்து "சட்டை போடு, க்ரீம் பூசு, தொப்பி வை" என்று பிரசாரம். அதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு என்றுதான் இருந்தேன். நம்மைப் போலக் கறுத்த தோலுக்கு இது வந்தால், உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி என்று வெயில் படாத இடமாகப் பார்த்து வருமாம். பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது. அவர் 36 வயதில் போய்விட்டார். இதைத் தேடிப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

குழந்தைக்குப் போகுமா என்றுதான் முதலில் கேட்டேன். ரத்தத்திலேயே கலக்காதது எப்படிப் போகும் என்றார் டாக்டரம்மா. முற்றிய நிலையில்கூட நஞ்சுக்கொடிவரை போவது அபூர்வமாம். பிரசவம்வரை தள்ளிப்போடவும் கூடாது, நடு மூன்று மாதம்தான் தோது என்று, 23-ஆவது வாரத்தில் நாள் குறித்தார்கள்.

காலையில் போய் மத்தியானம் வீடு. முழு மயக்கம் இல்லை, இடம் மட்டும் மரத்துப்போக லிக்னோகைன் ஊசி. வயிற்றின் கனம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தாமலிருக்க வலது இடுப்புக்கடியில் தலையணை வைத்து இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். ஊசிக்கு முன்னால் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கவைத்தார்கள், குதிரை ஓடுகிற மாதிரி. உள்ளங்காலில் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாயா வாணி? வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு உதை. அப்புறம் வலியே இல்லை, இழுக்கிற மாதிரி மட்டும் இருந்தது. கறுப்பைச் சுற்றி அரை சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு வலிக்குப் பாரசிட்டமால் மட்டும்தான்.

கஷ்டமெல்லாம் அப்புறம்தான். தையல் மூன்று வாரம் இருக்கவேண்டும், கால் ஊன்றக்கூடாது. இந்த வயிற்றோடு ஊன்றுகோலில் பாத்ரூம் போவதை நீ பார்த்தால் சிரித்தே சாவாய். அம்மாவிடம் "கால்ல ஒரு கட்டி" என்றுதான் சொல்லியிருக்கிறேன். நீயும் உளறிவிடாதே, வளைகாப்புக்கு டிக்கெட் போட்டாயிற்று.

வெள்ளிக்கிழமை அறிக்கை வந்தது. ஓரமெல்லாம் சுத்தம். இனி வருஷத்துக்கு ஒருமுறையாவது உடம்பு முழுக்கப் பார்க்கவேண்டும். வெட்டியதில் பழைய மச்சத்தின் அடையாளமே இல்லை, இது புதிதாக வந்தது என்கிறார்கள். நம்பமுடியாமல் கண்ணாடியை வைத்து வலது உள்ளங்காலைப் பார்த்தேன். குதிகாலுக்கு மேலே மிளகு அளவில் ஒரு பழுப்பு மச்சம். டாக்டரம்மா அதையும் லென்ஸில் பார்த்தார், வாய்க்காலில்தான் ஓடுகிறது.

நீ அன்று பார்த்தது வலது காலா, இடது காலா? யோசித்து எழுது.

உன்
கலா