ஒரு சொல்லில் எங்கள் பிள்ளைகளை எழுதி முடிக்காதீர்கள்

மட்டக்களப்பு மாவட்டத்தின் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தரம் 3இல் படிக்கும் என் மகளின் சென்ற தவணைத் தேர்ச்சி அறிக்கையில், குறிப்பு எழுதும் இடத்தில் ஒரே சொல்தான் இருந்தது: கூச்சசுபாவம். அவளே அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "அம்மா, நான் கூச்சக்காரியா?" என்று கேட்டாள். அன்று பின்னேரம் அம்மம்மாவிடம்கூட வாய் திறக்கவில்லை.

அம்மம்மாவோடு இருந்தால் அவள் வாய் ஓயாது. கோழி எத்தனை முட்டையிட்டது, அடுத்த வளவு நாய் ஏன் நொண்டுகிறது, எல்லாம் வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு அதில் பாதிக் கதை. மாமாவுக்குத் தலையாட்டல் மட்டும். வகுப்பில் எழுப்பி நிறுத்தினால் பேச்சே இல்லை. நான்கும் அவள்தான்.

என் அப்பா வாவியில் வலை வீசியவர். முகத்துவாரத்தடியில் கரிக்கும் உப்பு எந்த இடத்தில் முடிகிறது என்று சிறுவயதில் அவரைக் கேட்டிருக்கிறேன். "அப்படிக் கோடு ஒன்றும் இல்லை மகள்" என்பார். மாரி வெள்ளத்துக்கு முகத்துவாரத்தை வெட்டிவிட்டால், ஒரே இடத்துத் தண்ணீரும் நேற்றுப்போல் இராது.

மனிதக் குணமும் பெரும்பாலும் அப்படித்தான். தனக்குள் ஒதுங்குபவர் அகமுகி, பிறரோடு கலகலப்பாகப் பழகுபவர் புறமுகி என்ற பிரிவைப் பரவச் செய்தவர் உளவியலாளர் கார்ல் யுங். அவருடைய நூல் வந்தது 1921இல். பிறகு வந்தவர்கள் பெருந்தொகையானோரிடம் இந்தக் குணத்தை அளந்தபோது, இரண்டு கூட்டமாக யாரும் பிரிந்து நிற்கவில்லை. அதிகம் பேர் நடுவில், இரு ஓரங்களிலும் கொஞ்சம் பேர்.

பிறரோடு பழகுவதிலும் கதைப்பதிலும் சிரமம் தரும் ஓட்டிசம் என்ற வளர்ச்சி நிலையின் கதையும் இதற்குக் கிட்டத்தான். 1943இல் உளமருத்துவர் லியோ கனர் 11 பிள்ளைகளைப் பார்த்து அதை விவரித்தார். 1970களில் லோர்னா விங்கும் யூடித் கூல்டும் லண்டனின் கேம்பர்வெல்லில் ஆராய்ந்தபோது, கனருடைய வரையறைக்குள் வராத பல பிள்ளைகளிடமும் அதே வகைச் சிரமங்களைக் கண்டார்கள். 2013இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு, அஸ்பெர்கர் என்ற நிலை உட்படத் தனித்தனியாக இருந்த பெயர்களை ஓட்டிச நிறமாலை என்று ஒன்றாக்கியது. நிறமாலை என்றால் கொஞ்சம், கூட என்று போகும் ஒற்றைக் கோடு அல்ல. ஒரு பிள்ளை நன்றாகக் கதைக்கும், ஆனால் பாடசாலை மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அழும். இன்னொன்று சத்தத்தைப் பொருட்படுத்தாது, ஆனால் தண்ணீர் கேட்கவும் சொல் வராது.

சரி, எல்லாரும் கொஞ்சம் அப்படித்தானே, விட்டுவிடலாமா? கூடாது. இரத்த அழுத்தத்தைப் பாருங்கள். 140க்கு 90 என்பது உயர் அழுத்தம் என்று சொல்ல வைத்தியர்கள் பலர் வைத்த எல்லை; 139இல் உடம்பு திடீரென்று மாறிவிடுவதில்லை. அதற்காக மருந்து வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். எங்களுக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும்.

முப்பது, நாற்பது பிள்ளைகளுக்கு எழுதிக் கை வலிப்பது எனக்கும் விளங்குகிறது. ஆனாலும் ஒரு சொல்லுக்குப் பதிலாக ஒரு வரி எழுதுங்கள், எங்கே, யாரோடு, எப்போது என்று. "எல்லார் முன்னாலும் கதைக்கத் தயங்குகிறாள், இருவராக இருத்தினால் கதைக்கிறாள்." இப்படி எழுதியிருந்தால், அடுத்த நாளே அவளோடு யாரை இருத்தலாம் என்று நானும் ரீச்சரும் பேசியிருப்போம்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஒரு தாய்