பழவேற்காட்டு மக்களுக்கு எங்கள் நன்றி

எங்கள் கல்லூரிப் பிள்ளைகளைப் பழவேற்காட்டுக்கு அழைத்து வந்தபோது கூடவே நின்று உதவிய எல்லோருக்கும் இந்த மடல்.

முதலில் டச்சுக் கல்லறையில் இருந்த அய்யாவுக்கு. வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் படம் பிடித்துவிட்டுப் பிள்ளைகள் நகர்ந்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். நீங்கள் ஒரு கல்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் மண்ணை மெல்லத் துடைத்துவிட்டீர்கள் பாருங்கள், மங்கிக் கிடந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வர, அத்தனை பேரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

கோட்டைப் பக்கம் புதரை விலக்கி முன்னால் நடந்த தம்பிக்கும் நன்றி. 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை அது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் இதுதான். இங்கிருந்து போன துணியைக் கொடுத்துத்தான் கிழக்குத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். துணியை மட்டும் சொல்லிவிட்டு வர எனக்கு மனசில்லை, மனிதர்களையும் அடிமைகளாக இதே துறையிலிருந்து படாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றினார்கள். அதைச் சொன்னபோது யாரும் பேசவில்லை, நீங்களும் அவசரப்படுத்தாமல் நின்றீர்கள் தம்பி.

பள்ளிவாசலில் சூரியக் கடிகாரத்தின் நிழலைக் காட்டித் தொழுகை நேரம் பார்ப்பதை விளக்கிய பாய், ஓலைக் கூடைக்கு முதல் முடி போடுவதைச் சலிக்காமல் மறுபடி மறுபடி காட்டிக்கொடுத்த அக்கா, உங்கள் இருவரையும் பிள்ளைகள் இன்னும் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அப்புறம் ஏரிக்கரையில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த அண்ணன்மார்கள். யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' பற்றி வேலையை நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவுக்குள் இருக்கிறது, பாதிப் பேச்சு தெலுங்கிலேயே நடந்தது, புரியாததைத் தமிழில் திருப்பிச் சொல்ல யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்துகொண்டே இருந்தார். முகத்துவாரம் மணல் தூர்ந்தால் இறாலும் மீனும் உள்ளே வராது என்ற உங்கள் கவலையைப் பிள்ளைகள் தங்கள் கட்டுரையில் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் கட்டுரையை அச்செடுத்துப் பள்ளிவாசலிலும் மீனவர் தெருவிலும் கொடுக்கிறோம். தப்பு இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம். உங்கள் எல்லோருக்கும் மனசார நன்றி.