மூத்தது அமைதி, கடைக்குட்டி வாயாடி: இது எவ்வளவு தூரம் உண்மை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குழந்தை வளர்ப்புக் கட்டுரையைப் படித்தேன். மூத்த பிள்ளை பொறுப்பாக இருக்கும், ஆனால் யாரோடும் லேசில் ஒட்டாது, நடுவில் பிறந்தது நண்பர்களே கதி என்று கிடக்கும், கடைசி கலகலப்பு, பெண் பிள்ளை என்றால் எல்லோரோடும் பழகிவிடும் என்று போகிறது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இதை நம்பிப் பெற்றோர் பிள்ளைகளுக்குப் பட்டம் கட்டிவிடுவார்களே என்பதுதான், பதின்வயதுப் பிள்ளைகளோடு தினமும் வகுப்பறையில் மல்லுக்கட்டும் எனக்குக் கவலை.

பிறந்த வரிசை குணத்தைத் தீர்மானிக்கிறது என்ற பேச்சு ஆஸ்திரிய உளவியல் அறிஞர் ஆல்ஃபிரட் அட்லர் காலத்திலிருந்தே இருக்கிறது. அப்புறம் 2015-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. ஒன்று, 1960-இல் அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் திரட்டிய தகவலை வைத்து, சுமார் 3,77,000 பேரை ஒப்பிட்டது. அதாவது நாம் பேசுகிற அதே வயதுப் பிள்ளைகள். ஆளுமைக் குணங்களுக்கும் பிறந்த வரிசைக்கும் இருந்த தொடர்பு சராசரியாக 0.02தான் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). கணக்குப் போட்டால், பிள்ளைக்குப் பிள்ளை இருக்கும் வித்தியாசத்தில் பத்தாயிரத்தில் நான்கு பங்குக்குத்தான் இந்த வரிசை பதில் சொல்லும். மற்றொன்று அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்று நாடுகளிலும் 20,000-க்கு மேற்பட்டவர்களைப் பார்த்துவிட்டு, கலகலப்பாகப் பழகும் குணத்தில் மூத்தவர், இளையவர் என்ற வித்தியாசமே தெரியவில்லை என்றது.

பிறகு ஏன் எல்லா வீட்டிலும் இது உண்மை மாதிரியே தெரிகிறது? பதினேழு வயது அக்காவையும் பன்னிரண்டு வயதுத் தம்பியையும் பக்கத்தில் நிறுத்தி, அவள் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள், இவன் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் பேசுகிறான் என்று சொல்கிறோம், ஆனால் அவளும் பன்னிரண்டு வயதில் அப்படித்தானே பேசிக்கொண்டிருந்தாள், அது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அதுபோக வீட்டில் நடக்கிற விதமே வெளியிலும் இருக்கும் என்று நினைப்பதும் சரியில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஓர் அம்மா, "இவள் மூத்தவள், மிஸ், வாயே திறக்க மாட்டாள், நீங்கள்தான் கொஞ்சம் பேச வைக்க வேண்டும்" என்றார். வகுப்பில் பேச்சை நிறுத்தச் சொல்லி நான் இடம் மாற்றி உட்கார வைக்கிற பெண்ணே அவள்தான்! அம்மா பேசி முடிக்கும்வரை தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பையனா பெண்ணா என்பது கொஞ்சம் வேறு விஷயம். அதில் வித்தியாசம் உண்டு, ஆனால் அது யார் அதிகம் பழகுகிறார்கள் என்பதைவிட எப்படிப் பழகுகிறார்கள் என்பதில்தான் அதிகம் தெரிகிறது. சராசரியாகப் பெண் பிள்ளைகள் ஒன்றிரண்டு தோழிகளிடம் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டுவார்கள், பையன்கள் கும்பலாகச் சேர்ந்து ஏதாவது செய்வார்கள். மனம்விட்டுப் பேசுவது நல்லதுதான், ஆனால் ஒரே கவலையைத் தோழிகள் இருவர் மாற்றி மாற்றி அலசிக்கொண்டே இருந்தால் நெருக்கத்தோடு மனச்சோர்வும் கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. பையன்கள் பக்கம் கதை வேறு. உயிருக்குயிராக இருந்த நண்பனிடம்கூடப் பள்ளிப் படிப்பு முடியும் சமயத்தில் மனதைத் திறக்கக் கூச்சப்படுகிறார்கள் என்பதை நியோபி வே என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் பையன்களிடம் பேசிப் பதிவு செய்திருக்கிறார். "பையன்தானே, நண்பர்கள் கூட்டம் இருக்கிறது" என்று நாம் சும்மா இருந்துவிடுகிறோம். கூட்டத்தோடு திரிகிறவனுக்கும் பேச ஆள் இல்லாமல் இருக்கலாம்.

கட்டுரையின் கடைசியில் 'பிறந்த வரிசையை வைத்துப் பிள்ளையின் குணம் அறிய' என்று ஒரு கேள்விப் பட்டியல் வேறு போட்டிருக்கிறீர்கள். அடுத்த வாரம் அதன் இரண்டாம் பகுதி வரும் என்றும் அறிவிப்பு இருக்கிறது. தயவுசெய்து அதைப் போடாதீர்கள், அந்த இடத்தில் பிள்ளைகளையே நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியை