14 நாளில் என்ன செய்வார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் எங்கள் வரிசையில் வாடகைக்கு இருக்கும் அக்கா ஒருவர், போன மாதம் ஒரு மைலோ டின்னைத் திறந்து காகிதம் ஒன்றை நீட்டினார். முழுக்க மலாய். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் செஷன்ஸ் நீதிமன்ற உத்தரவு. டின்னுக்குள் வாடகை ரசீதுகள் ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கி இருந்தன. அவற்றை நீதிபதியிடம் காட்ட அவருக்கு ஆளில்லை. பால்மரம் வெட்டிப் பிழைத்தவர், வழக்கறிஞருக்கு எங்கே போவார்?

நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வாடகைக்காரரை வெளியேற்றக் கூடாது என்கிறது 1950ஆம் ஆண்டின் 'குறிப்பிட்ட நிவாரணச் சட்டம்' (Specific Relief Act). சரி, உத்தரவு வந்த பிறகு? உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய 14 நாள்தான். மேல்முறையீடு செய்தாலும் வெளியேற்றம் தானாக நிற்காது. வெளியேற்றத்துக்குத் தடை கேட்டுத் தனி மனு போட வேண்டும். மனுவுக்குக் கட்டணம், சத்தியம் செய்து எழுதித் தரும் வாக்குமூலத்துக்குக் கட்டணம், அப்புறம் வழக்கு ஆவணங்களைத் தொகுத்து மேல்முறையீட்டுப் பதிவேடு தயாரிக்கும் செலவு. வேலைக்குப் போகாமல் ஈப்போவுக்கு அலைய வேண்டியதும் இருக்கிறது.

அரசாங்கத்திடம் கேட்பது இதுதான்: குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இந்தக் கட்டணங்களை முழுதாகத் தள்ளுபடி செய்யுங்கள். உத்தரவோடு, கெடு தேதியும் உதவி கிடைக்கும் இடமும் தமிழிலும் எழுதிய ஒரு தாளை இணைத்துக் கொடுங்கள். சட்ட உதவி அதிகாரிகள் மாதம் ஒருமுறையாவது தோட்டப்புற ஊர்களுக்கு வந்து உட்காரட்டும். அந்த அக்கா எங்களிடம் வந்தது 12ஆம் நாள்.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்