குளத்தோர மனைக்கு அவசர அனுமதியா?

ஆசிரியருக்கு,

கட்டட அனுமதியை இணையவழியில் விரைவுபடுத்துவது பற்றிய செய்தியைப் படித்தேன். 2024இல் தமிழ்நாட்டில் வந்த சுயசான்று முறையில் (விதிப்படி கட்டுவதாக உரிமையாளரே உறுதியளிக்கும் முறை), 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட உடனடி அனுமதி கிடைக்கிறது. நகரத்து மனைக்குச் சரி. 2022இல் ராம்சார் எனும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம்-தேரூர் குளங்களின் ஓரத்துக்கும் இதே வேகம் ஆகுமா? எங்கள் பக்கம் வயலோர மனையொன்றில் கோடையில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஐப்பசி மழையில் அங்கேயே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், நாரையும் வந்து இறங்கும். விண்ணப்பத்தில் அது வெறும் சர்வே எண்தான்.

குளம், கால்வாய் ஓர விண்ணப்பங்களை முதலில் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டட்டும். மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் பார்த்த பிறகு அதிகாரிகள் முடிவெடுக்கட்டும்.

- வாசகர், தேரூர், கன்னியாகுமரி மாவட்டம்