உல்லேவோலுக்கு ஒரு சிற்றுண்டிக் கடையிலிருந்து: நோர்வே உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்குத் திறந்த மடல்

உல்லேவோல் அரங்கில் இயங்கும் சம்மேளனத்தின் நிர்வாகக் குழுவினருக்கும், மாநாட்டில் வாக்களிக்கும் கழகப் பேராளர்களுக்கும் வணக்கம்.

கிழக்கு ஒஸ்லோவில் உள்ள ஒரு சிறிய கழகத்தின் மைதான ஓரத்தில் சனிக்கிழமைகளில் வாஃபல் சுட்டு விற்கும் தாய்மாரில் நானும் ஒருத்தி. நீங்கள் டுக்நாட் என்று சொல்வதை எங்கள் ஊரில் சிரமதானம் என்போம். கூலி கிடையாது, ஆனால் வராமல் விட்டவரின் பெயர் எல்லோருக்கும் நினைவிருக்கும். என் மகள் அந்தக் கழகத்துக்குத்தான் விளையாடுகிறாள். உங்கள் தலைவி லிசெ கிளாவெனெஸ் அவர்களைப் பற்றி எழுத எனக்கிருக்கும் உரித்து இவ்வளவுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாட்டுக்காக 73 ஆட்டங்கள் ஆடியவர், சட்டம் படித்து நீதிமன்றத்தில் பணியாற்றியவர், 2018இல் சம்மேளனத்தின் உயர்நிலை உதைபந்தாட்டப் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர் என்ற வரலாற்றோடு அவர் 2022 மார்ச் 6ஆம் திகதி தலைவியானார். 1902இல் தொடங்கிய உங்கள் அமைப்புக்கு அதுவரை ஒரு பெண் தலைமை தாங்கியதில்லை. இருபத்தைந்தே நாட்களில், டோஹாவில் கூடிய, உலக உதைபந்தாட்ட அமைப்பான ஃபீஃபாவின் மாநாட்டு மேடையில் ஏறி, 2022ஆம் ஆண்டு உலகக் கிண்ணம் 2010இல் கட்டாருக்கு வழங்கப்பட்ட முறை ஏற்கத்தக்கதன்று என்றும், கட்டுமானப் பணிகளில் காயமுற்ற புலம்பெயர் தொழிலாளரும் இறந்தோரின் குடும்பங்களும் கவனிக்கப்பட வேண்டும் என்றும், விருந்தளித்த நாட்டின் மண்ணில் நின்றே சொன்னார். கட்டாருக்கு வேலைக்குப் போனவர் ஒருவராவது இல்லாத ஊர் இலங்கையில் அரிது. அந்த உரையை எங்கள் வீட்டில் இரண்டு தடவை பார்த்தோம்.

அவருக்கு அடுத்துப் பேசிய ஹொண்டூராஸ் பேராளர், இதையெல்லாம் பேசும் இடம் இதுவல்ல என்றார். நோர்வேயில் பலர் அதைக் கேட்டுச் சினந்தார்கள். எனக்கு அது புதிதாக இருக்கவில்லை. ஃபீஃபாவில் 211 உறுப்பு நாடுகளுக்கும் ஆளுக்கொரு வாக்கு. 2023 முதல் 2026 வரையான சுற்றில் ஒவ்வொரு சம்மேளனத்துக்கும் 80 இலட்சம் டொலர் வரை அபிவிருத்தி நிதி. மைதானத்தின் புல்லுக்கும் பயிற்றுநரின் சம்பளத்துக்கும் அந்தப் பணத்தையே எதிர்பார்த்திருக்கும் நாட்டின் பேராளர், பணம் தருபவரின் மண்டபத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கமாட்டார். இலங்கைச் சம்மேளனம் 2023 ஜனவரியில், வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி ஃபீஃபாவால் இடைநிறுத்தப்பட்டு ஓகஸ்ட் வரை வெளியே நின்றது. அப்படி நின்று பார்த்தவர்களுக்குக் கைதட்டுவதன் அருமை தெரியும்.

ஆகவே கிளாவெனெஸ் பேசியதை ஒரு பெண்ணின் துணிச்சல் என்று மட்டும் கொண்டாடுவது எனக்குப் போதவில்லை. அவருக்கு முன்னர், 1986இல் மெக்சிக்கோவில், உங்கள் சம்மேளனத்தின் எலன் வில்லே ஃபீஃபா மாநாட்டில் பேசிய முதல் பெண்ணாகி, மகளிருக்கு உலகக் கிண்ணம் வேண்டும் என்று கேட்டார். 1991இல் அது நடந்தது, 1995இல் நோர்வே அதை வென்றது. காரென் எஸ்பெலுண்ட் 1999 முதல் பத்தாண்டுகள் உங்கள் செயலாளர் நாயகமாக இருந்தார். டோஹா உரைக்குப் பின்னாலும் ஓர் ஆணை இருந்தது: 2021 பெப்ரவரியில் துரொம்சோ கழகம் கட்டாரைப் புறக்கணிக்கச் சொல்லித் தொடக்கிய விவாதம் கழகம் கழகமாகப் பரவி, ஜூன் மாதத்தில் விசேட மாநாட்டுக்கு வந்து, 368க்கு 121 என்ற வாக்குகளால் புறக்கணிப்பு நிராகரிக்கப்பட்டது. நான் தோற்ற பக்கத்தில் இருந்தவள். ஆயினும் அங்கே போய்ப் பேச வேண்டும் என்பதே வென்ற பக்கத்தின் வாதமாக இருந்ததால், பேசியதன் மூலம் அவர் அந்த வாக்குக்கு விசுவாசமாக நடந்துகொண்டார் என்றே கருதுகிறேன்.

என் கவலை அவருக்குப் பின் வருபவரைப் பற்றியது. 2023இல் லிஸ்பனில் நடந்த ஐரோப்பிய உதைபந்தாட்ட ஒன்றியத்தின் செயற்குழுத் தேர்தலில், கிளாவெனெஸ் பெண்களுக்கென ஒதுக்கிய இடத்தை விட்டுவிட்டு ஆண்களோடு பொது இடத்துக்குப் போட்டியிட்டு 18 வாக்குகளோடு தோற்றார். 2025இல்தான் அந்தச் செயற்குழுவுக்குள் நுழைந்தார். 2034ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியைச் சவூதி அரேபியாவுக்கு 2024 டிசம்பரில் கரவொலியால் வழங்கியபோது, அந்தக் கரவொலியில் சேரமாட்டோம் என்றும் எங்கள் ஆட்சேபத்தைக் கூட்டக் குறிப்பில் பதியுங்கள் என்றும் நோர்வே எழுதியது. இவற்றில் எதையும் நாளைய தலைவர், இடம் கிடைக்கவோ மனக்கசப்பைத் தவிர்க்கவோ, ஓசையின்றிக் கைவிடலாம். எனவே, உலகப் போட்டிகளை வழங்கும் ஒவ்வொரு வாக்கெடுப்புக்கு முன்னரும் சம்மேளனத்தின் நிலைப்பாடும் காரணங்களும் கழகங்களுக்கு எழுத்தில் அனுப்பப்பட வேண்டும் என்பதையும், எண்ணிப் பதியாத கரவொலி வாக்கில் நோர்வே பங்கேற்காது என்பதையும் யாப்பிலேயே எழுதுமாறு கேட்கிறேன். யார் தலைவராக வந்தாலும் அது அவரைக் கட்ட வேண்டும்.

இன்னொன்று, எங்கள் கடையைப் பற்றியது. கழக நிர்வாகத்தில் இரு பாலாரும் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, நல்ல விதி. ஆனால் ஆண்டுப் பொதுக்கூட்டம் ஒன்றில், அறிக்கை வாசித்து வேட்பாளர்களை முன்மொழிந்து முடியும் வரை எங்களில் நால்வர் பக்கத்து அறையில் கோப்பியும் வாஃபலும் ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தோம். மா கரைத்த கையோடு நான் கதவைத் திறந்தபோது கடைசிப் பெயருக்கும் கை உயர்த்தியாகிவிட்டது. யாரும் எங்களைத் தடுக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. குடியேறிய தாய்மார் நிர்வாகத்துக்கு வருவதில்லை என்று அடுத்த முறை எங்கேனும் அறிக்கை எழுதுவோர், கூட்டம் நடந்த வேளையில் அவர்கள் எந்த அறையில் இருந்தார்கள் என்றும் விசாரிக்கட்டும். தேர்தல் முடிந்த பின்னரே கோப்பி பரிமாறப்படும் என்ற ஒரு வரியைக் கழகங்களுக்கான உங்கள் வழிகாட்டலில் சேர்த்தால் செலவு ஏதுமில்லை.

எங்கள் பொதுக்கூட்டம் வழக்கம்போல மார்ச் முடிவதற்குள் நடக்கும். அதற்கு முன்னர் பதில் எழுதினால் நல்லது. நோர்வே மொழியில் இருந்தால் போதும். தமிழில் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டும் வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
கிழக்கு ஒஸ்லோக் கழகமொன்றின் தாய்