செஸ் கோச்சுங்களுக்கு ஒரு மடல்: புள்ளைங்க சொந்தமா ஓபனிங் ஆடட்டும், விடுங்க

வணக்கம் சார், வணக்கம் மேடம்,

நம்ம ஊர்கள்ல அகாடமி வச்சு புள்ளைங்களுக்கு செஸ் சொல்லித்தர்ற எல்லாருக்கும் சேத்துதான் இத எழுதுறேன். நான் கோச் கிடையாது, டைட்டில் எதுவும் கிடையாது, முப்பது வருஷமா ஞாயித்துக்கிழமை ஆனா போர்டும் கிளாக்கும் எடுத்துட்டு போயி ஆடிட்டு வர்ற ஆளு. ஆனா புள்ளைங்கள சொந்தமா ஓபனிங் (ஆட்டத்த தொடங்குற மொத சில மூவ்) ஆட விடாத இந்த விஷயம் ஒரு மாசமா மனச போட்டு அறுத்துட்டே இருக்கு, சொல்லாம இருக்க முடியல.

எங்க அண்ணன் மகளுக்கு பத்து வயசு. போன வருஷம் முழுக்க அவளா ஒரு டிஃபன்ஸ், அதாவது கருப்புக் காய்க்கான ஓபனிங், கண்டுபிடிச்சு ஆடிட்டு இருந்தா. ஒயிட் என்ன ஆடுனாலும் இவ மொத மூவ் ஏ6 (ஓரத்து சிப்பாய ஒரு கட்டம்), அடுத்து பி5 (அதுக்குப் பக்கத்து சிப்பாய ரெண்டு கட்டம்), அப்புறம் பிஷப்ப பி7ல கொண்டாந்து வைப்பா. சிப்பாய் ரெண்டும் ஓரமாவே ஏறிப் போறதால அதுக்கு 'அணில் டிஃபன்ஸ்'னு அவளே பேரு வச்சா. யாரும் சொல்லித்தரல, புத்தகம் எதையும் பாக்கல. அதுக்குன்னு ஒரு நாப்பது பக்க நோட்டு, அதுல பென்சில்ல கட்டம் போட்டு ஒவ்வொரு தோல்வியும் எழுதி வச்சிருந்தா.

அந்த நோட்ட நான் முழுசா படிச்சேன் சார், அதான் எனக்கு இவ்வளவு ஆத்தாமை. மொத பக்கத்துல இருக்குற ஆட்டத்துல எதிராளி ஏ4 தள்ளுனான், இவ கவனிக்காம வேற மூவ் ஆடுனா, அவன் பி5ல வெட்டுனான், இவ ஏ6 சிப்பாயால திருப்பி வெட்டுனா, ஏ லைன் தொறந்துடுச்சு, யானை போச்சு. அடியில எழுதியிருக்கா, 'பிஷப் பி7க்கு வந்தாதான் யானைக்கு காவல், அதுக்கு முன்னாடி ஏ4 வந்தா வெட்டக்கூடாது'ன்னு. நாலு பக்கம் தள்ளி இன்னொரு ஆட்டம், அதுல பிஷப் வந்துடுச்சு, யானைக்கு காவல் இருக்கு, ஆனா யானைங்க மாறுனப்புறம் பி5 சிப்பாய் அநாதையா மாட்டி செத்துப்போச்சு. அதுக்கு கீழ, 'ஏ4 வந்தா பி4 தள்ளிடு, குதிரை சி3க்கு வர முடியாது'. இத ஒரு பத்து வயசுப் புள்ள தானா எழுதியிருக்கு. பின்னாடி இருக்குற காய்க்காக நகர முடியாம மாட்டிக்கிற 'பின்' (pin), சிப்பாய் இல்லாம தொறந்து கெடக்குற ஓப்பன் ஃபைல், தனிச்சிப்பாய், எதிரிக் காய்க்கு எடம் மறுக்குறது, எல்லாமே இதுக்குள்ள இருக்கு. நீங்க போர்டுல எழுதிப்போட்டு ஆறு கிளாஸ் எடுத்தாலும் இவ்வளவு ஆழமா உள்ள எறங்குமா தெரியல.

போன மாசம் ஒரு டோர்னமென்ட்ல நாலாவது ரவுண்டுல இந்த டிஃபன்ஸ் ஆடித் தோத்துட்டா. அவ கோச் அத்தன புள்ளைங்க முன்னாடியும் வச்சு, சொந்தமா ஓபனிங் கண்டுபிடிக்கிற அளவுக்கு நீ பெரிய ஆளான்னு கேட்டிருக்காரு, போன்ல என்ஜின (மூவ எடை போடுற செஸ் புரோகிராம) ஓடவிட்டு பாத்தியா மொத மூவ்லயே நீ கீழன்னு காட்டியிருக்காரு, இனிமே புத்தகத்துல இருக்குற காரோ-கான் டிஃபன்ஸ் மட்டும்தான், பன்னெண்டு மூவ் மனப்பாடமா வரணும்னு சொல்லிட்டாரு. அன்னிக்கு ராத்திரி வந்து அந்த நோட்ட தூக்கி பரண்ல போட்டவதான், இன்னும் எறக்கல. அந்த ஆட்டத்த நானும் உக்காந்து ஆடிப்பாத்தேன். அவ தோத்தது ஏ6னால இல்ல சார், இருபத்தெட்டாவது மூவ்ல குதிரைய சும்மா குடுத்துட்டா, அதான் காரணம். காரோ-கான் ஆடியிருந்தாலும் அந்த குதிரை போயிருக்கும்.

இதுல எனக்கு தாங்காத விஷயம் என்னன்னா அவ ஆடுன அதே ஏ6, பி5, பிஷப் பி7 மூணையும், அதே வரிசையில, 1980ல ஸ்வீடன் ஸ்காராவுல நடந்த ஐரோப்பிய டீம் சாம்பியன்ஷிப்புல இங்கிலாந்து கிராண்ட்மாஸ்டர் டோனி மைல்ஸ் ஆடியிருக்காரு. எதிர்ல உக்காந்திருந்தது அப்போ உலக சாம்பியனா இருந்த கார்போவ். ஜெயிச்சது மைல்ஸ். அதுக்கும் முன்னாடி, 1858ல பாரிஸ்ல அமெரிக்காவோட மார்ஃபிகூட மோதுனப்ப ஜெர்மனியோட ஆண்டர்சன் ஒயிட்ல ஏ3ன்னு, அதே ஓரத்து சிப்பாய ஒரு கட்டம் தள்ளித் தொடங்கி மூணு ஆட்டம் ஆடுனாரு, ஒண்ணு ஜெயிச்சு ஒண்ணு தோத்து ஒண்ணு டிரா. அந்தக் குழந்தைகிட்ட, அடிப்பாவி இத நீ எங்க புடிச்ச, கார்போவயே இத வச்சு ஒருத்தர் ஜெயிச்சாரும்மா, வா அந்த ஆட்டத்த பாக்கலாம்னு சொல்லியிருந்தா அவ எப்படி துள்ளியிருப்பான்னு நெனச்சு நெனச்சு பாக்குறேன்.

நீங்க இன்னிக்கு தியரின்னு, புத்தகத்து ஓபனிங்னு சொல்லித்தர்றதுல பாதிக்கு யாரு அப்பன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. ஈவன்ஸ் கேம்பிட் (காய பலி குடுத்து வேகம் புடிக்கிற ஓபனிங்தான் கேம்பிட்) கண்டுபிடிச்சவரு செஸ் ஆடி பொழச்சவரு இல்ல, வேல்ஸ் நாட்டு கப்பல் கேப்டன், அயர்லாந்துக்கு தபால் கப்பல் ஓட்டுனவரு. 1820கள்ல இட்டாலியன்ங்கிற ஓபனிங்ல பி4ன்னு ஒரு சிப்பாய சும்மா தூக்கிக் குடுத்தா சி3, டி4ன்னு நடுவுல வேகமா ஏறலாமேன்னு அவருக்கு தோணுச்சு. நம்ம ஆனந்தையே 1995ல ரீகாவுல காஸ்பரோவ் இருபத்தஞ்சே மூவ்ல ஜெயிச்சது அந்த கேப்டனோட பி4 வச்சுத்தான்.

நம்ம பக்கத்து கதையே இருக்கு. 1850கள்ல கல்கத்தாவுல ஜான் காக்ரேன்னு ஒரு ஸ்காட்லாந்து வக்கீல், பெரிய ஆட்டக்காரரு, அவருகூட மகேஷ் சந்திர பானர்ஜின்னு ஒரு வங்காளத்துக்காரர் எக்கச்சக்கமா ஆடியிருக்காரு. நம்ம பழைய சதுரங்கத்துல சிப்பாய்க்கு மொத அடியும் ஒரு கட்டம்தான், உங்க தாத்தாகூட அப்படித்தான் ஆடியிருப்பாரு. அந்தக் கைப்பழக்கத்துல வளந்தவரு பானர்ஜி, ஜி6 வச்சு பிஷப்ப ஓரமா ஒளிச்சு, நடுவ ஒயிட்டுக்கு விட்டுக்குடுத்துட்டு பின்னாடி ஒடைச்சாரு. சிப்பாய்ங்க நடுவுல போகாம இருந்தா தப்புன்னு ஐரோப்பா நம்புன காலம் அது. இன்னிக்கு கிங்ஸ் இண்டியன் டிஃபன்ஸ்னு பேரு வச்சு நீங்க ஃபீஸ் வாங்கி சொல்லித்தர்றது அந்தப் பழக்கத்தோட பேரப்புள்ளதான்.

எல்லா கண்டுபிடிப்பும் தேறும்னு நான் சொல்லல. 1874ல அமெரிக்காவுல அலோன்சோ ஜெரோம்னு ஒருத்தர் நாலாவது மூவ்லயே பிஷப்ப எஃப்7ல குடுத்து, அடுத்த மூவ்ல குதிரையையும் குடுக்குற ஒரு கேம்பிட்ட பத்திரிகையில எழுதுனாரு. அது தேறவே தேறாது, இங்கிலாந்து ஆட்டக்காரர் பிளாக்பர்ன் அத எதிர்த்து ரெண்டு யானையையும் ராணியையும் குடுத்து மேட் பண்ணுன ஆட்டம் இன்னும் பேசப்படுது. தேறாதது போர்டுல அடிபட்டு சாகட்டும் சார், அது ஏன் தேறலன்னு அந்தப் புள்ளையே கண்டுபிடிக்கட்டும். எங்க அண்ணன் மக கண்டுபிடிச்சிட்டுத்தான் இருந்தா.

உங்க கஷ்டமும் எனக்கு தெரியும். பெத்தவங்க மாசாமாசம் ரேட்டிங் கேக்குறாங்க, ஒரு பேட்ச்ல இருபது புள்ளைங்க, ஆளுக்கொரு ஓபனிங்க உக்காந்து பாக்க உங்களுக்கு நேரம் இல்ல. ஆனா நம்ம குகேஷ கிராண்ட்மாஸ்டர் லெவல் வர்ற வரைக்கும் என்ஜின் பக்கமே விடாம சொந்த மூளையில யோசிக்க வச்சு வளத்தவரு சென்னையிலயே இருக்குற விஷ்ணு பிரசன்னாதான. அந்தப் பையன் பதினெட்டு வயசுல உலக சாம்பியன் ஆனான். அப்புறம் ஏன் பத்து வயசுப் புள்ள மூஞ்சிக்கு நேரா என்ஜின் நம்பர காட்டுறீங்க?

நான் கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. வாரத்துல ஒரு அரைமணி நேரம், புத்தகத்த மூடி வச்சிட்டு, உன் சொந்த மூவ் எதாச்சும் இருந்தா கொண்டான்னு புள்ளைங்கள கேளுங்க. கொண்டாந்தா என்ஜின தொறக்காதீங்க, எதுக்காக இந்த மூவ்னு மட்டும் கேளுங்க, அப்புறம் நீங்களே எதிர்ல உக்காந்து ஆடுங்க. தோக்கடிச்சாலும் பரவால்ல, நல்லா தோக்கடிங்க. தோத்தப்புறம் எங்க ஒடைஞ்சதுன்னு அவங்கள தேட விடுங்க.

எங்க வீட்டு பரண்ல இருக்குற நோட்ட இந்த ஞாயித்துக்கிழமை எறக்கி, தூசி தட்டி குடுக்கப்போறேன். கடைசி பக்கத்துல ஒரு கேள்வி எழுதி பதில் இல்லாம விட்டிருக்கா, 'பி4 தள்ளுனப்புறம் ஒயிட் சி3 ஆடுனா?'ன்னு. எனக்கு அவ்வளவு வெவரம் பத்தல. அவ நோட்டோட கிளாஸுக்கு வருவா, யாராவது ஒரு கோச் உக்காந்து அதுக்கு அவகூட ஆடிக்காட்டுங்க சார்.

இப்படிக்கு,
ஞாயித்துக்கிழமை ஆட்டக்காரன் ஒருத்தன்